சமையலறைச் சுவரும் சுரண்டும் பலகையும்

எங்கள் கீழ்வீட்டில் லூசியானாவிலிருந்து வந்த ஒரு கறுப்பினக் கிரியோல் தம்பதி இருக்கிறார்கள். மனிதர் அக்கோர்டியன் வாசிப்பவர். அவர் மனைவி சுரண்டும் பலகை வாசிப்பவர். மேடும் பள்ளமுமாக மடித்த தகடு அது. தோளில் கொளுவினால் நெஞ்சை மூடித் தொங்கும். இரண்டு கையிலும் போத்தல் திறப்பானைப் பிடித்து அதன்மேல் சுரண்ட வேண்டும். முன்பு துணி தோய்க்கிற தகரப் பலகையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்களாம். அங்கே பக்கத்து ஊர் கேஜன் வெள்ளையர்கள் முக்கோண இரும்பைத் தட்டுவார்கள், எங்களுக்குப் பலகைதான் என்று அந்த அம்மா சொல்லுவார்.

இருவருக்கும் பிரெஞ்சு தாய்மொழி. இந்த நகரமும் பிரெஞ்சு பேசுகிறதுதான். ஆனாலும் மூலையில் இருக்கிற தெப்பனர் என்கிற சில்லறைக் கடையில் அதைப் பேசினால் ஆங்கிலத்தில் பதில் வரும். எனக்கும் அப்படித்தான் வரும். நானாவது பிரெஞ்சை இங்கே வந்து படித்தவன். அவர்களுக்கு அப்படிச் செய்வது திமிர்.

மூன்று வருடமாக அவர்களின் பாட்டை நிறுத்தச் சொல்லி நான் குதிக்காலால் தரையை இடித்தவன். போன மாரியில் மனிதருக்குப் பாரிசவாதம் வந்தது. சத்தம் நின்றது.

"இப்ப நிம்மதியோ?" என்று என் மனைவி கேட்டாள். "இனி ஆருக்கு இடிக்கப் போறியள்?"

ஏப்ரலில் அந்த அம்மா படியேறி வந்தார். மனிதரின் இடக்கை பாதிக்கு மேல் சரியாகிவிட்டதாம். ஆனாலும் வாசிக்க மாட்டேன் என்கிறாராம். டிரம்ஸ் தன்னைத் துரத்துகிறது, பலகைச் சத்தம் இருந்தால்தான் தாளம் பிடிபடுகிறது என்கிறாராம். அந்தப் பலகையோ தோள் வளைவில் வெடித்துவிட்டது. ஊரிலிருந்து புதிது வர ஒரு மாதம் ஆகும். ஞாயிறு பின்னேரம் தேவாலய மண்டபத்தில் நடனம். திங்கட்கிழமை லாவாலிலிருந்து ஒருவர் அக்கோர்டியனை வாங்க வருகிறார். ஞாயிறு மேடையில் உட்காராவிட்டால் மனிதர் அதைக் கொடுத்துவிடுவார். அதற்குள் ஒரு பலகை அடித்துத் தர முடியுமா என்று கேட்டார்.

நான் டவுன்டவுன் உணவகச் சமையலறைகளுக்குப் புகைக்கூடும் சுவர்த்தகடும் செய்கிறவன். இது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். நல்ல தடித்த தகடாக எடுத்தேன். ஒவ்வொரு மேட்டையும் உருட்டி, மினுக்கி, முகம் பார்க்கிற மாதிரி ஆக்கினேன். வியாழன் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அம்மா ஒரு தரம் சுரண்டினார். திறப்பான் வழுக்கிக்கொண்டு போனது. சத்தமே இல்லை. மனிதர் கதிரையிலிருந்து அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இது சமையலறைச் சுவர்," என்றார் அம்மா.

எனக்குக் கோபம் வந்தது. இருபது வருட வேலை இது என்று கத்தினேன். அம்மா பலகையைக் கழற்றி என் தோளில் மாட்டி, திறப்பான்களைக் கையில் திணித்தார். பாரம் தோளை அறுத்தது. எவ்வளவு சுரண்டினாலும் எதிலும் பிடிக்கவில்லை. அப்போதுதான் உறைத்தது. எண்ணெய்ப் பிசுக்கு தங்கக் கூடாது என்று வழித்து வழித்துப் பழகிய கை, பிடிக்க வேண்டிய இடத்தையும் வழித்துவிட்டிருந்தது.

வீட்டில் சொன்னபோது மனைவி சிரித்தாள். "நடனத்திலை ஆரும் மீன் பொரிப்பினம் எண்டு நினைச்சியளோ?"

வெள்ளி மதிய இடைவேளையில் மெல்லிய தகட்டில் மறுபடி மடித்தேன். மேடுகளை அப்படியே கூராக விட்டேன், ஓரங்களை மட்டும் கை வெட்டாதபடி மடக்கினேன். ஒரு குறடால் சுரண்டிப் பார்த்தேன். பட்டறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஞாயிறு நாங்களும் போனோம். மனிதர் உட்கார்ந்தார். முதல் பாட்டு ஒரு மெதுவான வால்ட்ஸ், தப்பித்துக்கொண்டார். இரண்டாவது வேகமான பாட்டு. நடுவில் இடக்கை நின்றுவிட்டது. டிரம்ஸ்காரரும் கிற்றார்காரரும் என்ன செய்வதென்று தெரியாமல் நிறுத்திவிட்டார்கள். அம்மா நிறுத்தவில்லை. கணவரைப் பார்க்கவும் இல்லை. கொஞ்சம் வேகத்தைக் குறைத்து, பலகையை மட்டும் சுரண்டிக்கொண்டே இருந்தார். ஆடிக்கொண்டிருந்தவர்கள் அந்த வெறும் தகட்டுச் சத்தத்துக்கே காலை மாற்றிப் போட்டு ஆடினார்கள். மண்டபத்தில் வேறு சத்தம் இல்லை.

அந்தச் சுற்று முடிகிற இடத்தில் மனிதர் அக்கோர்டியன் பெட்டியை இழுத்தார். சரியான இடத்தில் நுழைந்தார்.

இடைவேளையில் மனிதர் தன் மனைவியின் போனை வாங்கி, நாளைக்கு வர வேண்டாம் என்று யாரிடமோ இரண்டு சொல்லில் சொன்னார். பிறகு என்னிடம் வந்தார். பலகை காதைக் கிழிக்கிறது என்று முறைப்பட்டார். நன்றி சொல்லவில்லை. மேடுகளைக் கொஞ்சம் மழுக்கித் தரட்டுமா என்று கேட்டேன். அதைத் தொடவே கூடாது என்றுவிட்டு மேடைக்குப் போய்விட்டார்.