புதன்கிழமை வரச் சொன்னார்கள்

கடையில் எது வேண்டுமானாலும் அவள் வாய்விட்டுக் கேட்கமாட்டாள். வேண்டிய பொருளுக்கு நேராகப் போய் நின்றுகொள்வாள். கடைக்காரர் மற்றவர்களை அனுப்பிவிட்டு, அவள் பார்வை போகும் பக்கம் பார்த்து, "சோப்பா? நூல்கண்டா? தீப்பெட்டியா?" என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். சரியானது வந்ததும் தலையாட்டுவாள். வருஷக்கணக்காக இப்படித்தான். "உங்க தங்கச்சிக்கு சாமான் விக்கணும்னா எனக்கு ஜோசியம் தெரிஞ்சிருக்கணும் போலிருக்கே" என்று அவர் அவளுடைய அண்ணனிடம் சொல்லிச் சிரித்ததுண்டு.

வீட்டில் அவளுக்குப் பூனை என்று பெயர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது என்று அண்ணன் வைத்தது. ஏழாம் வகுப்பு படிக்கும்போது அம்மா படுக்கையில் விழ, பள்ளிக்கூடத்தை விட்டாள். அம்மா போன பிறகும் திரும்பப் போகவில்லை. தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கம். பிறகு ஒரு சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். தங்கும் விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகள் வெந்நீரில் வெளுத்து, சூடான உருளைகளுக்கிடையே புகுந்து வெளியே வரும். இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி நின்று முனையோடு முனை சேர்த்து மடிக்க வேண்டும். பேச வேண்டியதில்லை, எதிரே நிற்பவளின் கையைப் பார்த்தால் போதும். அதனாலேயே அந்த வேலை அவளுக்கு ஒத்துப்போனது.

சலவைக்கூடத்தின் பின்வாசலில் எப்போதும் கதகதப்பு இருக்கும். அதைத் தேடி நாய்கள் வந்து படுக்கும். ஒருநாள் காலில் கண்ணாடிச் சில்லு ஏறிய நாய் ஒன்று வந்து, கிட்டே போன எல்லோரையும் பார்த்து உறுமியது. அவள் போய்ச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். கையை நீட்டவில்லை, கூப்பிடவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அதுவே நகர்ந்து வந்து காலை அவள் மடியில் போட்டது. சில்லை எடுத்துவிட்டு, கிழிந்த விரிப்பொன்றைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். கூட மடிப்பவள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"உனக்குக் கைராசிடி! இதை விட்டுட்டு இங்க துணி மடிச்சுக்கிட்டுக் கிடக்கிறியே."

அந்தப் பேச்சு அவள் மனசில் போய் உட்கார்ந்துகொண்டது.

அண்ணன் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். கடையில் ஓடி ஓடிக் களைத்த ஒரு கம்ப்யூட்டரை வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து போட்டிருந்தான். அண்ணி அவளுக்கென்று ஒரு மெயில் கணக்கும் திறந்து கொடுத்திருந்தாள். ஒரு மாலை அவள் எதையோ தேடப்போய், விலங்கு மருத்துவமனை ஒன்றின் பக்கம் கண்ணில் பட்டது. உதவியாளர் பயிற்சி, முடித்தால் அங்கேயே வேலை. படிப்பு முக்கியமில்லை, பொறுமை வேண்டும் என்று போட்டிருந்தார்கள். அதன் கீழே ஒரு மெயில் முகவரி. அதற்கும் கீழே ஒரு போன் எண்.

போன் என்றாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மெயில் முகவரியைத் தட்டினாள். வெற்றுத் தாள் போல ஒன்று திறந்தது, அனுப்ப வேண்டிய முகவரிகூடத் தானாக வந்து நின்றது. நமக்காகவே காத்திருந்தது போல இருக்கிறதே என்று மனம் குளிர்ந்துபோனாள். அடிப்பதும் அழிப்பதுமாக உட்கார்ந்து நாயைப் பற்றி எழுதினாள். ஏழாவதோடு நின்றதையும் மறைக்கவில்லை. அனுப்பினாள். வீட்டில் மூச்சு விடவில்லை. சொன்னால் அண்ணன் "பூனையே பூனைக்கு வைத்தியம் பாக்கப் போகுதாம்" என்று ஒரு மாதத்துக்கு ஓட்டுவான். கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

வேலை முடிந்து வந்ததும் முகம் கழுவுவதற்கு முன்பே தன்னுடைய மெயிலைத் திறந்து பார்ப்பாள். ஒன்றுமில்லை. வாரங்கள் போயின. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனிடம் மெல்லக் கேட்டாள்.

"அண்ணா, மெயில் அனுப்பினா சில சமயம் போகாம இருக்குமா?"

அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அதெல்லாம் ஜம்முன்னு போகும்."

"அப்போ பதில் வரலேன்னா?"

"அவங்களுக்கு வேண்டாம்னு அர்த்தம். வேற என்ன?"

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. ஏழாவது படித்தவளை எவன் கூப்பிடுவான் என்று தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டாள். அந்தப் பதில் நன்றாகப் பொருந்தியும் போனது.

இரண்டு வருஷம் கழித்து, அண்ணியின் தையல் மிஷினில் ஏதோ தேய்ந்துவிட்டது. மிஷின் கம்பெனிக்கு எழுதிக் கேட்கலாம் என்று அண்ணி அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள். அண்ணன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே பின்னால் வந்து நின்றான்.

"ஏய் பூனை, நிறுத்து. யார் பேர்ல எழுதற?"

"என் பேர்லதான்."

"மேல பாரு. என் கடை பேர்ல இல்ல இருக்கு! இதை எதுக்குத் திறந்தே?"

"நான் எங்க திறந்தேன்? அவங்க முகவரியைத் தட்டினேன், இது வந்துச்சு. எப்பவும் இதானே வரும்?"

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். "அட ராமா! இது கடையில இருந்தப்ப, எந்தப் பக்கத்துல மெயில் முகவரியைத் தட்டினாலும் என் கடை மெயிலே திறக்கணும்னு வச்சிருந்தேன். மாத்தாம அப்படியே தூக்கிட்டு வந்திருக்கேன். நல்லவேளை பாத்தேன். இல்லேன்னா மிஷின்காரன் பதில் நேரா எனக்குல்ல வந்திருக்கும்."

அவள் விரல்கள் அப்படியே நின்றன.

"பதில் உனக்கா வரும்?"

"என் பேர்ல போனா எனக்குத்தானே வரும்?"

அண்ணி அவள் முகத்தைப் பார்த்துவிட்டாள். "ஏம்மா, இதுக்கு முன்னாடி யாருக்காவது இப்படி எழுதினியா?"

"ஒரு தடவை. விலங்கு ஆஸ்பத்திரிக்கு."

அண்ணன் சிரிக்க ஆரம்பித்தான். பாதியில் சிரிப்பு நின்றுபோனது. துண்டைத் தோளில் போட்டான், எடுத்தான், மறுபடி போட்டான்.

"புதன்கிழமை நேர்ல வாங்கன்னு ஒண்ணு வந்துச்சு" என்றான். "தினம் எவனாவது உனக்கு லாட்டரி விழுந்திருக்குன்னு எழுதறான். இதுவும் அந்த மாதிரின்னு நினைச்சேன். பக்கத்துச் செருப்புக்கடைக்காரரைக் கூப்பிட்டு, பாருங்க, என்னை மாட்டுக்கு ஊசி போடக் கூப்பிடறாங்கன்னு காட்டிச் சிரிச்சேன்."

"சிரிச்சீங்களா?" என்றாள் அண்ணி.

"எனக்கு என்னடி தெரியும்? ரெண்டு வரி படிச்சேன். அழிச்சிட்டேன்."

அந்தப் பதிலைக் கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்திருந்தால் அவள் எழுதியது முழுவதும், நாயும் கண்ணாடிச் சில்லும் அவள் பெயரும், அங்கேயே இருந்திருக்கும்.

அவன் அவளை எழுப்பிவிட்டு உட்கார்ந்தான். எங்கோ இரண்டு இடம் தட்டினான், ஒரு வரிசையில் அவளுடைய மெயிலைத் தேர்ந்தெடுத்தான், மூடினான். அவ்வளவுதான் வேலை. கடைக்கு வருபவர்களுக்கு இதைச் செய்துகொடுத்தால் அவன் காசுகூட வாங்குவதில்லை. பேச்சோடு பேச்சாகச் செய்து அனுப்பிவிடுவான். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அண்ணன் மேல் கோபம் வரவேண்டும் என்று காத்திருந்தாள். வந்தது, ஆனால் முழுசாக வரவில்லை. அந்த போன் எண் முகவரிக்குக் கீழேதானே இருந்தது. ஒரே ஒரு தடவை பேசியிருந்தால் போதும்.

"நாளைக்கு நானே அவங்களுக்கு போன் போட்டுப் பேசறேன்" என்றான் அண்ணன்.

"வேண்டாம். நான் பேசறேன்."

மறுநாள் அண்ணி எண்களை அழுத்திக் கையில் கொடுத்தாள். மறுமுனையில் ஒரு பெண்குரல், பரபரப்பான குரல்தான், ஆனாலும் கனிவாகவே பேசியது. அவள் திக்கித் திணறிச் சொல்லி முடிக்கும்வரை அந்த அம்மாள் குறுக்கே பேசவில்லை.

"அடடா, அந்த வருஷமா? அப்போ எழுதினவங்க எல்லாரையும் கூப்பிட்டோமேம்மா. வந்தவங்க கொஞ்சம் பேர்தான். வந்த எல்லாரையும் எடுத்துக்கிட்டோம்."

"இப்போ வரலாமாங்க?"

"இப்போ பத்தாவது பாஸ் பண்ணியிருக்கணும்னு மாத்திட்டாங்க. என் கையில ஒண்ணும் இல்லம்மா. நீங்க அன்னிக்கு வந்திருக்கலாம்."

"ஆமாங்க" என்றாள்.

போனை வைத்த பிறகு அண்ணி என்னவென்று கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. அண்ணன் அன்று கடைக்கு நேரம் கழித்துத்தான் போனான். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அன்னிக்கு நீ கேட்டப்ப, யாருக்கு எழுதினேன்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றான். கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாளா என்பது அவளுக்கே நிச்சயமில்லை.

இது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. தபால் வழியாகப் பத்தாவது எழுதலாம் என்று அண்ணி புத்தகங்கள் வாங்கி வைத்திருக்கிறாள். அவள் இரண்டு பாடம் படித்தாள், கணக்கில் நின்றுவிட்டாள். அண்ணனோடு பேசுகிறாள், முன்போல இல்லை. சலவைக்கூடத்தில்தான் வேலை செய்கிறாள்.