கோணலாக விரித்த பாய்

மனு வந்த முப்பது நாளுக்குள் பதில் எழுத வேண்டும் என்பது விதி. சந்தேகமே வேண்டாம் – சர்வீஸ் முழுவதும் அதை மீறியவன் நான்!

இப்போது பென்ஷன்காரன். போன வாரம் வரை என் மனுவுக்குப் பதில் வரவில்லை.

விஷயம் இதுதான். ராஜபாளையத்துப் பஞ்சு வியாபாரி மீரான் ராவுத்தர் என் நண்பர். தன் பழைய பஞ்சுக் கிட்டங்கியைப் பள்ளிவாசலாக்க ஆசைப்பட்டார். அந்தப் பக்கத்து வண்டிக்காரர்கள் வெயிலில் நின்று தொழுகிறார்கள். நிலம் சர்க்காருடையது, ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீஸில் அனுமதி வாங்க வேண்டும். அங்கே ஹெட் கிளார்க் ஓர் ஆட்சேபனை எழுதினார்: 'கட்டடம் சாலையைப் பார்த்து நிற்கிறது, மக்காவைப் பார்த்து அல்ல. இடித்துக் கட்ட உத்தேசமா?'

அந்த மேதாவி யார் என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

சென்ற வருஷம் ராவுத்தர் பருத்தி விதை பார்க்க சைப்ரஸ் தீவுக்குப் புறப்பட்டார். இங்கிலீஷ் பேச ஆள் வேண்டுமென்று என்னையும் அழைத்தார். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்றார்கள் உறவினர்கள். பென்ஷன் போகாது என்று விதியைப் பார்த்து உறுதி செய்துகொண்டு கப்பல் ஏறினேன்.

அங்கே ஒரு பள்ளிவாசல். முன்பு கிறிஸ்தவர்களின் கதீட்ரலாக இருந்ததாம். துருக்கியர் வந்தபோது பள்ளிவாசலாயிற்று. கூர்முனை வளைவுகள், அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் தூண்கள், ஒரு கோபுரத்தின் தோளில் மினாரா...

தொழுகைக்கு நேரமிருந்தது. உள்ளே பாய்கள் – எல்லாம் கோணல்! தூண்கள் ஒரு திசை, பாய்கள் வேறு திசை. என் கை சும்மா இருக்குமா? குனிந்து ஒரு பாயைத் தூணுக்கு நேராக இழுத்துவிட்டேன். அடுத்ததையும். மூன்றாவதைத் தொட்டபோது காவலர் கத்திக்கொண்டு ஓடி வந்தார். துருக்கி மொழிதான். திட்டு எந்த மொழியில்தான் புரியாது?

அவர் பாய்களை மறுபடி கோணலாக்கினார். ராவுத்தருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஓய் பிள்ளைவாள்! கட்டடம் கெழக்க பாத்து நிக்கி. மக்கா இங்கயிருந்து தென்கெழக்க. இவிய கட்டடத்தையா திருப்புனாவ? பாயத் திருப்பிட்டாவ!"

ராவுத்தர் சுவரைத் தட்டிக் காட்டினார்.

"எம்புட்டுப் பெரிய சுவரு! இத இடின்னு ஒருத்தனும் எழுதலியே. இந்த ஊர்ல ஹெட் கிளார்க்கே கெடையாதோ?"

ஆம்... அந்த ஆட்சேபனையில் இருந்தது என் கையெழுத்து.

ஊர் திரும்பியதும் மனு எழுதினேன்: ஆட்சேபனை தவறு, பாயைத் திருப்பினால் போதும். என் நாற்காலியில் இப்போது இருப்பவர், நான் பழக்கிவிட்டவர். எழுந்து நின்று கும்பிட்டார்.

"அய்யா, அது அனுபவசாலி எழுதுன ஆட்சேபனை. மேல கேக்காம எப்பிடி நீக்க?"

"எழுதினதே நான்தானய்யா!"

"அதத்தான் நானும் சொல்லுதேன். நீங்க எழுதுனது தப்பாவா இருக்கும்?"

பாடம் சொல்லிக் கொடுத்தவனே நான்தானே.

முப்பது நாள் போயிற்று. மழைக்காலமும் போயிற்று. வெள்ளிக்கிழமைதோறும் ராவுத்தர் வந்து நிற்பார்.

"பதிலு என்னாச்சு?"

"வந்துகிட்டிருக்கு."

"நடந்தா, வண்டியிலயா?"

ஒருவழியாகப் போன வாரம் ஆபீஸ் பியூன் திருவிழாக் கூட்டத்தில் நசுங்கி வந்து கடிதத்தை நீட்டினார். 'ஆட்சேபனை நீக்கப்பட்டது. பாய்களைத் தேவைப்படி விரித்துக்கொள்ளலாம்.'

பதில் வந்த தேதியா? ஆடிப்பூரம். ஆயிரம் பேர் இழுத்தாலும் லேசில் அசையாத ஆண்டாள் தேரே நகர்ந்துவிட்ட நாள்!