வாளிக்குத் திரும்பி வந்த தண்ணீர்

அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டியவரிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் வெல்டர். நான் மாமா என்று கூப்பிடுவேன். நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில், ரோட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை போட்டு கேட்டும் கிரில்லும் செய்துகொண்டிருந்தார். கல்யாணமான இரண்டாவது வருடம் திருப்பதியில் ஒரு லாட்ஜுக்கு மாடிப்படிக் கைப்பிடி செய்யும் வேலை வந்தது. எல்லா மாடிக்கும் ஸ்டீல். அதற்கு முன்பு ஸ்டீல் வேலையை அவர் அடுத்தவரிடம் கூலிக்குத்தான் செய்திருக்கிறார். இது நல்லபடியாக முடிந்தால் இனிமேல் யாரிடமும் கூலிக்குப் போக வேண்டாம் என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வார்.

ஸ்டீலைப் பற்றவைக்கக் கையில் பிடிக்கிற வெல்டிங் டார்ச் வேறு. நீளமாக ஓட்டினால் கொஞ்ச நேரத்திலேயே கையில் சுடும். ஆறும் வரை சும்மா உட்கார வேண்டும். எங்கள் பக்கத்து வெயிலில் அது லேசில் ஆறாது. அதனால் சென்னையில் பழைய சாமான் விற்கிற இடத்திலிருந்து, உள்ளே தண்ணீர் ஓடிக் குளிர்விக்கிற டார்ச் ஒன்றை வாங்கி வந்தார். தண்ணீரைச் சுற்ற விடுகிற மிஷின் தனி. அதை வாங்க எங்களால் முடியாது.

"நாமே செஞ்சிக்கலாம் மே" என்றார். என்னை ‘மே’ என்றுதான் கூப்பிடுவார்.

பம்ப் என் நைனா, என் அப்பா, கொடுத்தது. மாமரத்துக்கு மருந்தடிக்க முதுகில் மாட்டுகிற பேட்டரி ஸ்பிரேயரில் டப்பா உடைந்துபோயிருந்தது. "டப்பாதான் போச்சி, பம்ப் நல்லாத்தான் கீது. கயட்டிக்கினு போ" என்றார் நைனா. மருந்து நாற்றம் போக நான் மூன்று நாள் சோப்புத் தண்ணீர் ஓட்டிக் கழுவினேன். காயலான் கடையில் ஒரு பழைய வேன் ரேடியேட்டர் கிடைத்தது. அதற்குப் பின்னால் மாமா ஒரு ஃபேன் வைத்தார், பம்பையும் பேட்டரி இல்லாமல் கரண்டில் ஓடும்படி மாற்றினார். தண்ணீருக்குப் பெரிய பெயின்ட் வாளி. வாளியிலிருந்து பம்ப் இழுக்கும், டார்ச்சுக்குப் போகும், சூடாகி ரேடியேட்டருக்கு வரும், ஆறி மறுபடி வாளியில் விழும். விழுகிற டியூபை வாளியின் வாயில், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கட்டினார்.

"நான் முகமூடி போட்டுக்கினா எனக்கு ஒண்ணும் தெரியாது. நீதான் பார்த்துக்கினு இருக்கணும். தண்ணி நின்னா டார்ச் போச்சி."

அதுதான் என் வேலை. வாளிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது.

போர் தண்ணீர் கூடவே கூடாது என்றார். "சோறாக்குற குண்டானைப் பாரு, எப்படி வெள்ளையா உப்பு புடிச்சிக்கினு கீது. பேட்டரி தண்ணிதான் ஊத்தணும்." அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தார்.

பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாப்பா, மாமரத்துக்கு அடிச்சது பத்தாதுன்னு கேட்டுக்கும் மருந்தடிக்கிறியா?"

"ஆமாண்ணா, இனிமே பூச்சியே வராது பாரு!" என்றார் மாமா.

முதல் நாள் இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டினார். நிறுத்திவிட்டு டார்ச்சின் பிடியை என் கையில் கொடுத்து, "எப்படி கீது சொல்லு" என்றார்.

"சில்லுன்னு கீது மாமா."

அன்றைக்குச் சிரித்த மாதிரி அவர் சிரித்து நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. காலையில் அவர் பூசணிக்காயும் பொரியும் வாங்கப் போயிருந்தார். நான் கொட்டகையைக் கழுவி, கட்டிங் மிஷின், டிரில், சுத்தியல் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். புதிதாக வந்தது இந்த வாளிதானே. நிறையத் தண்ணீர் வேறு இருந்தது. எனக்கு அது கலசம் மாதிரித்தான் பட்டது. மஞ்சள் தூள், குங்குமம், கரைத்த சந்தனம், நாலு சாமந்திப் பூ எல்லாம் அதில் போட்டுக் கும்பிட்டேன். இந்த வேலை ஜெயிக்கணும் என்றுதான் கும்பிட்டேன். அவர் வருவதற்குள் பூவை எடுத்துவிட்டு மூடியைப் போட்டேன். மற்றதெல்லாம் கரைந்துபோயிருக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் வரை யாரும் எதையும் தொடவில்லை. அதற்கு மறுநாள் காலையில் லாட்ஜ்காரர் போன் செய்து, "பூஜா அயிப்போயிந்தி கதா, பனி எப்புடு அவுத்துந்தி?" என்றார். பூஜைதான் முடிந்ததே, வேலை எப்போது முடியும் என்று கேட்கிறார். மாமா உடனே ஆரம்பித்தார்.

மூடியை எடுத்ததும் பார்த்தேன். தண்ணீர் மஞ்சளாக இருந்தது. அவர் ஏற்கெனவே முகமூடியை இறக்கியிருந்தார். முதலில் நன்றாகத்தான் விழுந்தது. பிறகு விரல் கனத்துக்கு. பிறகு நூல் மாதிரி.

"தண்ணி வந்துகினு கீதா மே?"

"வருது மாமா."

ஏன் அப்படிச் சொன்னேன்? நிறுத்தினால் வாளியைப் பார்ப்பார், பார்த்தால் என்னைத் திட்டுவார். கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் டப்பென்று ஒரு சத்தம். டார்ச்சின் ஒயர் அந்தத் தண்ணீர் டியூபுக்குள்ளேயேதான் போகிறது. தண்ணீர் இல்லாமல் அது காய்ந்து, டியூப் உருகி வெடித்து ஆவி வந்தது. டார்ச்சின் தலை கருகியிருந்தது. அவருக்கு அடி எதுவும் இல்லை.

அவர் டீக்கடைக்குப் போனார். நான் வாளியைத் தூக்கிப்போய் முருங்கை மரத்தடியில் கொட்டி, தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தேன்.

வந்து பார்த்தார். "தண்ணி எங்க மே?"

"சூடாயிடுச்சின்னு ஊத்திட்டேன்."

தலையை ஆட்டினார். பம்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "மருந்தடிக்கிற பம்ப்தானே. நாளெல்லாம் ஓடறதுக்கு அது தாங்குமா? நான்தான் தெரியாம செஞ்சிட்டேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். அன்று சோறு போடும்போது, மறுநாள் காலையில், லாட்ஜ்காரர் வேலையை வேறு ஆளிடம் கொடுத்தபோது, எப்போது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். பஞ்சர் கடைக்காரர், "பூச்சி வந்துடுச்சா?" என்று கேட்டபோது அவர் கொட்டகைக்குள் போய்விட்டார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

கொட்டகையைப் பூட்டிவிட்டு, சத்தியவேடு பக்கம் கம்பெனிகளுக்கு ஷெட் போடுகிற ஒருவரிடம் கூலிக்குப் போனார். காலையில் வண்டியில் போய் இருட்டினால் வருவார். ஸ்டீல் வேலைக்கு யாராவது கூப்பிட்டால், "எனக்கு அது சரிப்படாதுப்பா" என்பார். அப்படிக் கூலிக்குப் போன ஏழாவது மாதம் வேலை முடிந்து வருகிற வழியில் லாரி மோதிவிட்டது. அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

போன மாதம் அத்தை, அவருடைய அம்மா, கொட்டகைச் சாமானைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்றார்கள். நான் போய்த் திறந்தேன். எல்லாம் அவர் வைத்தபடியே இருந்தது. டார்ச்சுக்குப் போகிற டியூபைக் கழற்றினேன். மூட்டில் மஞ்சளும் சந்தனமும் கெட்டியாக, காய்ந்து அடைத்திருந்தது. கம்பியால் குத்தி எடுத்தேன். விரல் நுனி அளவுதான் இருக்கும்.

புதிதாகப் பேட்டரி தண்ணீர் வாங்கி ஊற்றி, டார்ச் இல்லாமல் டியூபை நேராக ரேடியேட்டரில் சேர்த்து, பம்பைப் போட்டேன். காலையில் போட்டது. மத்தியானம் அத்தை சாப்பிடக் கூப்பிட்டார்கள், நான் போகவில்லை. தண்ணீர் அதே கனத்தில் விழுந்துகொண்டே இருந்தது. பொழுது சாயும்வரை ஒரு தடவைகூட மெலியவில்லை. பம்ப் தாங்கியது. அவர் செய்ததில் ஒரு குறையும் இல்லை.

சாயங்காலம் அத்தை தேடிக்கொண்டு வந்தார்கள். அவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாளி முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"சொல்லியிருந்தா திட்டியிருப்பான்" என்றார்கள். "ஒரு வேளை துன்னாம மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு இருந்திருப்பான். அவ்ளோதான்மா."

பம்பை நிறுத்த எனக்குக் கை வரவில்லை. அத்தைதான் எழுந்து சுவிட்சை அணைத்தார்கள்.