கோணியக்காவின் இறுக்கத் தையல்

போர் தொடங்கிய இரண்டாம் மாதம், மேய்ச்சல் நிலத்தை முள்கம்பியால் வளைத்து ராணுவப் பயிற்சி முகாம் போட்டார்கள். முகாம் வேலைக்கு ஊரில் ஆள் எடுத்தபோது அவளுக்கு வாய்த்தது கோணி தைக்கிற வேலை. வைக்கோல் திணித்த கோணிப் பொம்மைகளைக் கம்பத்தில் கட்டி, புதுப் பையன்கள் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்திப் பழகுவார்கள். காலையில் முழுசாகப் போகும் இருபது பொம்மையும் மத்தியானம் குடல் சரிந்து திரும்பும். பொழுது சாய்வதற்குள் தைத்தாக வேண்டும். முகாமுக்கே அவள் கோணியக்கா ஆகிப்போனாள்.

“உன் மாப்பிள்ளைங்க இருபது பேரும் வந்தாச்சு, போய்க் கவனி” என்று சமையல்காரர் தினமும் கிண்டலடிப்பார். முதல் மாதம் சிரித்தாள். பிறகு அதற்கும் தெம்பில்லை.

ஒட்டடைக்குச்சி என்று எல்லாரும் கூப்பிட்ட ஒரு நெட்டையன் ஒருநாள் அவள் தைக்கும் கொட்டகைக்கு வந்து நின்றான்.

“அக்கா, கொஞ்சம் லேசா தைங்களேன். எனக்குக் கத்தி உள்ள போகமாட்டேங்குது.”

“போகலேன்னா என்ன பண்ணுவாங்க?”

“சமையல்கட்டுக்குத் தள்ளிடுவாங்க. ஊர்ல மானம் போயிடும்க்கா.”

மனசு கேட்காமல், அவன் குத்தும் கடைசிக் கம்பத்துப் பொம்மைக்கு மட்டும் இற்றுப்போன கோணி போட்டு, தையலை அகலமாக ஓட்டினாள். அவன் தேறினான். ஐந்தே வாரத்தில் போர்முனைக்குப் போனான். மூன்று மாதம் கழித்து, இறந்தவர்கள் பட்டியலை வாசலில் ஒட்டினார்கள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவன் பெயரும் இருப்பதைச் சமையல்காரர்தான் படித்துச் சொன்னார். அவனுக்காகத் தையலை அகலமாக ஓட்டியதை அவரிடம் சொன்னாள்.

“உன்னாலயா போனான்? விட்டுத் தள்ளு.”

கிழங்கு உரித்துக்கொண்டாவது உயிரோடு இருந்திருப்பானே என்பது அவள் நெஞ்சை அரித்தது.

மறுநாளிலிருந்து இரட்டைக் கோணி, நெருக்கத் தையல். விரல் நுனியெல்லாம் புண். “கல்லையா கட்டித் தொங்கவிட்டிருக்கே?” என்று சார்ஜன்ட் கத்தினார். “புதுக் கோணி அப்படித்தான் வருது சார்” என்றாள்.

“என்னம்மா, கிழங்கைவிட உரிக்கற ஆளு அதிகமாயிட்டான்” என்றார் சமையல்காரர், அந்த மாதக் கடைசியில். அவள் முகத்தைப் பார்த்தார். கிழங்கு உரிக்க இன்னும் நாலு கத்தி தேடப் போனார்.

போர் முடிந்ததும் முகாம் வீடிழந்தவர்களின் குடியிருப்பானது. அவளுக்கும் பாதி அறை கிடைத்தது. நாற்பது வருஷம் கழித்து, முகாமின் வரலாற்றை எழுத ஒரு பெண் அங்கே வந்தாள்.

“இங்கே எத்தனை பேரு பயிற்சி எடுத்தாங்க பாட்டி?”

“வந்துகிட்டே இருந்தாங்கம்மா. எண்ண எங்க நேரம்? இடுப்பு விட்டுப்போகுது, கொஞ்சம் சாஞ்சுக்கறேன்.”

தழும்பேறிய விரல்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அந்தப் பெண் நோட்டை மூடிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.