அண்ணனை யாரும் தோற்கடிக்காத வருடம்

ஸ்கூல் வேன் ஓட்டும் என் அண்ணன் போனோடு சண்டை போட ஆரம்பித்தபோது, நான் முதலில் சிரித்தேன். அந்தப் போனில் டாம் ஆட்டத்தை ஏற்றிக் கொடுத்ததே நான்தான். கட்டம் போட்ட பலகையில் காயைக் குறுக்காக நகர்த்தி, எதிரியின் காயைத் தாண்டி வெட்டும் அதே ஆட்டம். எதிரே ஆள்தான் கிடையாது. எட்டுப் படிகள். முதல் படி குழந்தைக்கு, எட்டாவது எமனுக்கு. அண்ணி இறந்த புதிதில் மனிதர் ஆறாம் படியை ஊதித் தள்ளினார். இப்போது மூன்றாம் படியில் உதை வாங்கிக்கொண்டிருந்தார்.

"இந்தச் சனியன் ஏமாத்துது புள்ள. முன்ன இப்பிடி ஆடாது."

"தோத்தவுங்க எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க," என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அன்று மாலை நானே மூன்றாம் படியில் ஆடிப் பார்த்தேன். டாமில் நான் சுத்த மக்கு. ஆனாலும் ஜெயித்தேன். மறுநாளும் ஜெயித்தேன். போன் எப்போதும் போலத்தான் ஆடியது. அதன்பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அண்ணன் தினமும் ஜெயித்துக்கொண்டிருந்தார். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஒரு கொட்டகை உண்டு. வேலை முடிந்ததும் ஆண்கள் அங்கே சோடா மூடிகளைக் காயாக வைத்து ஆடுவார்கள். அங்கே ஆடும் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரரைப் பிடித்து விசாரித்தேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"சாவு வீட்டு ஆள வருசம் திரும்புற வரைக்கும் தோக்கடிக்கக் கூடாதுன்னு எங்களுக்குள்ள பேசி வச்சிருந்தோம் டீச்சர். வருசம் முடிஞ்சிருச்சு. மனசுதான் வரல."

"ஒரு வருசமா சும்மாவா விட்டுக் குடுத்தீங்க?"

"முன்ன ஒரு காய விட்டாப் போதுங்க. இப்ப தோக்குறதுக்கே படாத பாடு படுறோம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் யாரைத் திட்டுவது? நல்ல மனதோடு செய்தவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போனில் ஆடும்போது பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். வலது பக்கம் பழைய அண்ணன்தான், ஒரு பிசகு இல்லை. வெட்டு எல்லாம் இடது பக்கத்திலேயே விழுந்தது. அங்கே அவருடைய காய் ஒன்று அநாதையாகக் கிடந்தது. விரலை வைத்துக் காட்டினேன். அவர் கழுத்தைத் திருப்பிய பிறகுதான் கண்டார்.

"அட, இது எப்ப வந்துச்சு?"

அந்தக் காய் ஆட்டம் தொடங்கியதிலிருந்து அங்கேயேதான் இருந்தது.

எங்கள் தோட்டத்திலிருந்து பதுளை டவுனுக்கு இறங்கும்போது பள்ளம் இடது கைப் பக்கம். வேனில் பதினான்கு பிள்ளைகள். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்ததும் நாக்கு எழவில்லை. அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

திங்கள் காலை வழக்கம் போல முன் சீட்டில் ஏறினேன். பனி இறங்கியிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் என் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. சின்னப் பாலத்தின் அருகே, இடது ஓரத்தில், ஒரு தாய் தன் இரண்டு பிள்ளைகளோடு நின்றாள். தினமும் அவர்கள் ஏறும் இடம். வேன் நிற்காமல் கடந்தது.

"இன்னைக்கு அதுங்க ரெண்டும் வரல போல," என்றார் அண்ணன்.

கண்ணாடியில் பார்த்தேன். அவள் கையை ஆட்டிக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள். எங்கள் இடது டயர் ஓரத்துப் புல்லில் ஏறியிருந்தது.

"அண்ணே, நிப்பாட்டுங்க."

நிறுத்தினார். இடது பக்கம் உங்களுக்குத் தெரியவில்லை, சாவியைக் கொடுங்கள் என்றேன். அவர் சிரித்தார்.

"கண்ணு போயிருந்தா நேத்து கொட்டகையில அஞ்சு ஆட்டம் எப்பிடி ஜெயிச்சேன்? அம்புட்டுப் பேரும் கெட்டிக்காரனுங்க. அந்தப் போன வச்சுச் சொல்லாத. அது வெறும் மெசின்."

பின்னால் பிள்ளைகள் இருந்தார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"அவுங்க விட்டுக் குடுத்தாங்கண்ணே. அண்ணி போன நாள்லருந்து, எல்லாருமே."

யார் யார் என்று அவர் கேட்கவில்லை. பிறகு எஞ்சினை நிறுத்தி, சாவியை உருவி, முகத்தைத் திருப்பாமல் என் பக்கம் நீட்டினார். வாங்குவதற்கு நான் கையை விரித்து வைத்திருந்தேன். சாவி என் கையைத் தாண்டிப் போய், வெறும் காற்றில் நின்றது.