மானம்பூவுக்குப் போன ஜெனரல் வாள்

ஊர்காவற்றுறைக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞராக இருக்கும் என் தம்பி வசீகரனுக்குப் பழைய ஜப்பான் இராணுவ வாள்களைப் பார்த்து மதிப்புச் சொல்லத் தெரியும். மலாயாவில் உத்தியோகம் பார்த்தவர்கள் யுத்தம் முடிந்து திரும்பியபோது கொண்டுவந்த வாள்கள் இந்தப் பக்கத்து வீடுகளில் சில கிடக்கின்றன. மண்டைதீவிலிருந்துகூட பஸ் ஏறி வருவார்கள். அவர்கள் கேட்பது விலை. இவன் முதலில் கைபிடியைத் தட்டிப் பார்ப்பான். அலுமினியத்தில் வார்த்து, கயிறு சுற்றியதுபோல் நிறம் பூசி, அலகில் இலக்கமும் அடித்திருந்தால் அது சார்ஜன்மாருக்குத் தொழிற்சாலையில் செய்த வாள். அதை அப்படியே முகத்துக்கு நேரே சொல்லிவிடுவான். வந்தவரைத் தேத்தண்ணி கொடுத்துச் சமாளித்து அனுப்புவது நான்.

எங்கள் அப்பப்பாவின் வாளையும் அவன் விடவில்லை. ஜப்பான் ஜெனரல் ஒருவர் கொடுத்தது என்று ஊர் முழுவதும் நான் சொல்லி வைத்திருக்கிறேன். இவன் இலக்கத்தைக் காட்டி, “ஜெனரல் இதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்கமாட்டார், அக்கா” என்றான். ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் அதைத் துடைத்து, எண்ணெய் பூசி, அலுமாரியில் வைப்பதை நான் நிறுத்தவில்லை.

இந்த வருடம் விஜயதசமிக்கு முதல்நாள் கோயில் தர்மகர்த்தா பரமலிங்கம் அண்ணை வந்தார். வாழையை அசுரனாக நட்டு வெட்டும் மானம்பூத் திருவிழாவுக்கு, அவருடைய பெரியப்பா மலாயாவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த வாளைத்தான் ஐயர் எடுப்பார். அதன் கைபிடி ஆடுகிறதாம், இறுக்க வேண்டுமாம்.

தம்பி மூங்கில் ஆணியைத் தட்டிக் கைபிடியைக் கழற்றினான். உள்ளே இருந்த இரும்பு கறுத்துத் துருவேறியிருந்தது. அதில் உளியால் கொத்திய எழுத்துகள்.

“அண்ணை, இது செய்தவன்ர பேர். கைபிடிதான் பட்டாளத்தின்ர. அலகு அதுக்கு எத்தினையோ தலைமுறைக்கு முந்தினது.”

“அப்ப என்ன விலை போகும்?”

“விலையை விடுங்கோ. இனி இதால வாழை வெட்டாதேங்கோ. வாழைப்பால் பட்டுக் கறுக்குது. பேந்து அதைப் புளி போட்டுத் தேய்க்கிறியள். இப்பிடியே போனா அலகு தேஞ்சு போயிடும்.”

“நல்லாத்தானே மினுங்குது.”

“அந்த மினுக்கம்தான் நாசம்.”

நான் தலையில் கை வைத்தேன். விடிந்தால் திருவிழா, இதையா இப்போது சொல்வது?

“நாளைக்கு ஐயர் என்னத்தால வெட்டிறது? உம்மட கந்தோர்ப் பேனையாலயோ?” என்று அண்ணை கேட்டார்.

தம்பி அலுமாரியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். சின்ன வயதில் என் பங்கு மாம்பழத்தையும் இப்படித்தான் பார்ப்பான்.

“ஏலாது” என்றேன்.

“அக்கா, எங்கடையைப் போல ஆயிரக்கணக்கில செய்தவங்கள். இப்பிடி ஒண்டை இனி ஆர் செய்யிறது?”

அவன் கண் கலங்கியிருந்தது. ஒரு இரும்புத் துண்டுக்காக. அலுமாரித் திறப்பை எடுத்துப் பூட்டைத் திறந்தேன்.

பரமலிங்கம் அண்ணை தயங்கினார். “அது ஜெனரல் குடுத்த வாளெல்லோ, மனோகரி. வாழை வெட்டலாமோ?”

தம்பி வாயைத் திறக்கப் போனான்.

“ஜெனரல் குறை நினைக்கமாட்டார். கொண்டுபோங்கோ” என்றேன்.

மறுநாள் ஐயரின் முதல் வெட்டிலேயே வாழை சாய்ந்தது. “ஜெனரல் வாளெண்டால் சும்மாவே” என்று பின்னால் யாரோ சொன்னார்கள். தம்பி திரும்பினான், விளக்கம் சொல்ல. அவன் காலை நன்றாக மிதித்தேன்.