பாலத்தில் படித்த ‘பல் இல்லை’ மெசேஜ்

போன வியாழக்கிழமை காலை, பினாங்குப் பாலத்தின் மேல், ஓடுகிற வேனுக்குள், டிரைவரின் கையிலிருந்து போனைப் பிடுங்கி, அவருடைய வீட்டு மெசேஜை வேன் முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டு வாசித்த பொம்பளை யார் தெரியுமா?

நான்தான்.

நம்ப முடியவில்லையா? எனக்கே இன்னும் முழுசாக நம்ப முடியவில்லை. வாராவாரம் இந்தப் பத்திரிகையின் இந்த இடத்தில் சஷ்டி விரதத்தையும், கோயில் அன்னதானத்தில் ரசம் தீர்ந்துபோன கதையையும் எழுதிக்கொண்டிருக்கிறவள் நான். சண்டை என்றால் சன்னலைச் சாத்துகிற ஆள். ஆனால் பிள்ளை விஷயம் என்று வந்துவிட்டால்... யார்தான் சன்னலைச் சாத்துவார்கள்?

என் மகள் கவிதாவுக்கு இது ஆறாவது மாதம். கெலுகோரில் எங்கள் ஃபிளாட்டில்தான் மாப்பிள்ளையும் அவளும் எங்களோடு இருக்கிறார்கள். அவளுக்கு வேலை பாலம் தாண்டி அக்கரையில், புக்கிட் தெங்காவில், ஒரு எலக்ட்ரானிக் பாக்டரியில். மாப்பிள்ளைக்கு வேறு இடம், வேறு ஷிப்ட். அதனால் தினமும் காலையில் பாக்டரி வேன். பதினோரு பெண்கள். டிரைவர் ராஜு.

ராஜு நல்லவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெற்றியில் திருநீறு இல்லாமல் வண்டியை எடுக்க மாட்டார். ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு முருகன் படம். எல்லாம் சரி... அந்தப் படத்தின் மேலேயே போனைச் சாய்த்து வைத்திருப்பார்! ‘டிங்’ என்றால் கை அங்கே போகும். பார்வையும் அங்கே போகும். வண்டி மட்டும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

“பாலத்துலகூட பாக்குறாரும்மா. டைப் பண்றாரும்மா” என்று கவிதா ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள். கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டேன். பாலத்தில்! இரண்டு பக்கமும் கடல். நடுவில் என் மகள், அவள் வயிற்றில் என் பேரப்பிள்ளை.

“வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா கோவிச்சுக்குவாரு லா. நம்ம ஏரியாவுக்கு இந்த ஒரு வேன்தான். என்னை ஏத்தாமப் போயிட்டா? இந்த வயித்தோட மோட்டார் சைக்கிள்லயா போக முடியும்?”

வேனில் போகிற பெண்கள் சேர்ந்து வேன் ஏஜெண்டுக்கு மெசேஜ் போட்டார்களாம். ‘ஓகே, நோட்டட்’ என்று பதில் வந்ததாம். ஏஜெண்ட் அந்தப் புகாரை அப்படியே ராஜுவுக்கு அனுப்பியிருக்கிறார். ராஜு அதை எங்கே படித்தார் என்கிறீர்கள்? பாலத்தின் மேல்தான்! வண்டியை ஓட்டிக்கொண்டே!

நான் முருகனிடம் சொன்னேன். ஒரு வாரம் சொன்னேன். அவனும் என்ன செய்வான்... அவன் படத்தையே போன் மறைத்துக்கொண்டு நிற்கிறதே!

சரி, நாமே போய்ப் பார்ப்போம் என்று தோன்றியது. புக்கிட் மெர்த்தாஜாமில் என் தங்கை இருக்கிறாள். அவள் வீட்டுச் சாமி மேடைக்கு ஒரு கைமணி கேட்டிருந்தாள். லிட்டில் இந்தியாவில் வாங்கி வைத்திருந்தேன். அன்றைக்கு வேனில் ஒருத்தி லீவு. “நானும் புக்கிட் தெங்கா வரைக்கும் வரட்டுமா தம்பி? அங்கேருந்து தங்கச்சி வீட்டுக்காரர் வந்து ஏத்திக்குவாரு” என்று கேட்டேன். “அதுக்கென்னக்கா, முன் சீட்டுல உக்காருங்க” என்றார் ராஜு. அவ்வளவு மரியாதை. எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

பாலத்துக்கு ஏறுவதற்கு முன்னால் ஒரு சிக்னல். சிவப்பு. வண்டி நின்றதுதான் தாமதம், இரண்டு கையிலும் போன். பச்சை விழுந்துவிட்டது. பின்னால் ஹாரன். இவர் குனிந்த தலை நிமிரவில்லை. கல்யாணப் பெண் தோற்றாள்!

எனக்கு எங்கிருந்து அந்தப் புத்தி வந்ததோ... பையிலிருந்து கைமணியை எடுத்தேன். அவர் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து ஆட்டினேன்.

கணகணகண!

போன் ‘பொத்’தென்று மடியில் விழுந்தது. இரண்டு கையும் ஒரே நேரத்தில் மேலே போய், படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் மனுஷன்! கண்ணை வேறு மூடிக்கொண்டார். பின்னால் திரும்பிப் பார்த்தால் பாதிப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

“என்னக்கா... என்ன பூஜை?” என்று கண்ணைத் திறந்தார்.

“பச்சை விழுந்திருச்சு தம்பி.”

வேனுக்குள் சிரிப்பு. அதிலும் கடைசி சீட்டில் செல்வி என்று ஒரு பெண், பாக்டரியில் கவிதாவோடு ஒரே லைனில் வேலை செய்கிறவள், விழுந்து விழுந்து சிரித்தாள். “அலாமாக், அங்கிள்! தீபாராதனை முடிஞ்சிருச்சு, வண்டிய எடுங்க!”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. போலீஸ்காரர் சம்மன் எழுதியும் திருந்தாதவர்களை ஒரு கைமணி திருத்திவிடும் போலிருக்கிறதே! நாளைக்கே ஒவ்வொரு சிக்னலிலும் நம் கோயில் மாதர் அணியை மணியோடு நிறுத்தினால் என்ன என்றெல்லாம் கற்பனை ஓடியது.

வண்டி பாலத்தில் ஏறியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டு கையையும் அல்லவா எடுத்தார்!

நின்ற வண்டியில் பரவாயில்லை. ஓடுகிற வண்டியில் நான் மணி அடித்தால்? போனையும் விடுவார், ஸ்டியரிங்கையும் விடுவார், கண்ணையும் மூடுவார். முருகா! போனைவிடப் பெரிய ஆபத்து என் மடியில் உட்கார்ந்திருக்கிறது. மணியின் நாக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு மேடு பள்ளத்தில் தானாக அடித்துவிட்டால் என்ன கதி!

யோசித்துப் பார்த்தால், அது ராஜுவின் குற்றம்கூட இல்லை. மணி அடித்தால் கை கன்னத்துக்குப் போகிறது. போன் அடித்தால் கை போனுக்குப் போகிறது. இரண்டுக்கும் அவர் யோசிப்பதே இல்லை. சின்ன வயதிலிருந்து பழகியது ஒன்று, நேற்றுப் பழகியது ஒன்று. நாம் எல்லோரும் அப்படித்தானே? அடுப்பில் பால் பொங்கினாலும் ‘டிங்’ சத்தத்துக்கு ஓடுகிறவள்தானே நானும்? ஆனால் நான் ஓடினால் பால்தான் போகும்...

‘டிங்.’

பாலத்தின் நடுவில் இருந்தோம். அவர் இடது கை போனை எடுத்துவிட்டது. கட்டைவிரல் நகர்கிறது. வண்டி மெதுவாக இடது பக்கம் சாய்கிறது... அந்தப் பக்கம்தானே மோட்டார்கள் போகும்! பக்கத்தில் ஒரு மோட்டார்க்காரர் அலறியடித்து ஹாரன் அடித்தார். வண்டி வெடுக்கென்று திரும்பியது. பின்னாலிருந்து கவிதாவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது.

அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. “குடு தம்பி அத” என்று போனை வாங்கிவிட்டேன். வாங்கினேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பிடுங்கினேன்.

“அக்கா, அக்கா... அர்ஜண்ட் மெசேஜ்க்கா!”

“யாரு?”

“வீட்டுக்காரிதான்.”

“அர்ஜண்டுன்னா உடனே பாக்கணும்தான். நீ ரோட்டப் பாரு. நான் வாசிக்கிறேன்.”

“அம்மா, வேணாம்மா...” என்று பின்னாலிருந்து கவிதா கிசுகிசுத்தாள். நான் அதற்குள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். நான் ஆறாம் வகுப்போடு தமிழ்ப்பள்ளியை விட்டவள். தமிழில் எழுதியிருந்தால் மளமளவென்று படித்துவிடுவேன். ஆனால் இந்தக் காலத்து மெசேஜ்கள் ஏபிசிடி எழுத்தில் தமிழ் பேசுகின்றனவே! எழுத்துக் கூட்டித்தான் வரும். உரக்கப் படித்தால்தான் வரும்.

“என்... னங்க... வீட்டுல... பல்லு... இல்ல.”

பின்னால் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

“யாருக்குக்கா பல்லு இல்ல?” என்றாள் செல்வி.

“இரு, இரு, இன்னும் இருக்கு. வரும்போது... ரெண்டு பாக்கெட்... பல்லு... வாங்கிட்டு வாங்க.”

“அக்கா, அது பாலு! பாலுக்கா!” என்று ராஜு கத்தினார். யார் காதில் விழுந்தது? வேன் குலுங்கியது. டயரால் இல்லை, சிரிப்பால்.

“நீ ரோட்டப் பாரு தம்பி. அடுத்தது... வெள்ளிக்கிழமை பூஜைக்கு... மலை வேணும். பெரிய மலையா... ரெண்டு மலை.”

“மாலைக்கா! மாலை! பூ மாலை!”

“அங்கிள், நம்ம முருகன் இருக்கிற தண்ணீர்மலையத் தூக்கிட்டு வரச் சொல்றாங்களா?” இது செல்வி. “இன்னொரு மலைக்கு எங்க போவீங்க? வேன்ல இடம் பத்துமா?”

சிரித்துச் சிரித்து ஒருத்திக்கு இருமலே வந்துவிட்டது. என் கண்ணாடியில்கூட ஈரம். ஆனால் ஒன்று கவனித்தேன். ராஜுவின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில். கண் ரோட்டில். முகம் மட்டும் குங்குமம் மாதிரி சிவந்திருந்தது.

மூன்றாவது மெசேஜ் இருந்தது. அதை வாசிப்பதில் எனக்கு எந்தப் பிழையும் வரவில்லை.

“இன்னிக்கும்... குறட்டை விட்டீங்கன்னா... ஹால்லதான்... படு—”

“அக்கா!! போதும்க்கா! கைய எடுத்துக் கும்பிடுறேன்!”

“கைய எடுக்காத!” என்று வேனில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

“இனிமே பாலத்துல தொட மாட்டேன்க்கா. சத்தியமா.”

“பாலத்துல மட்டும்தானா?”

கொஞ்சம் யோசித்தார். “புக்கிட் தெங்கா வரைக்கும்.”

“திரும்பி வரும்போது?”

“வரும்போதும்தாங்கா! இந்தப் போனை நீங்களே வெச்சுக்குங்க. ஆனா வாசிக்காதீங்க!”

பின்னால் கைத்தட்டல். நான் போனை மடியில் கவிழ்த்து வைத்தேன். பாலம் முடிந்தது. எனக்கென்னவோ போரில் ஜெயித்து இறங்கின மாதிரி இருந்தது.

பாக்டரி வாசலில் போனை ராஜுவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினேன். கவிதாவும் இறங்கினாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. “எல்லாரும் சிரிச்சிட்டீங்க. நாளைக்கு அவரு நிக்காமப் போயிட்டா நான் என்னம்மா பண்ணுவேன்?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

என் வெற்றியெல்லாம் அந்த வாசலிலேயே இறங்கிவிட்டது. தங்கை வீட்டில் இட்லி இரண்டுக்குமேல் போகவில்லை. ஒரு மனிதரைப் பத்துப் பேர் முன்னால் கேலிப்பொருளாக்கியது சரியா? அடுத்தவர் வீட்டுக் கடிதத்தைப் படிப்பது பாவம் இல்லையா? தப்புத்தான். சாமி முன்னால் அதை ஒப்புக்கொண்டேன். ஆனால் மோட்டார்க்காரரின் ஹாரன் காதில் கேட்டபோதெல்லாம்... திரும்பவும் அதே தப்பைச் செய்வேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். சாமியிடம் பொய் சொல்லக்கூடாது இல்லையா?

மறுநாள் காலை நானும் கவிதாவோடு கீழே இறங்கி நின்றேன். வேன் வருகிற நேரம் வந்தது. வேன் வரவில்லை. ஐந்து நிமிஷம். ஏழு நிமிஷம். கவிதா என்னைப் பார்க்கவே இல்லை. ரோட்டையே பார்த்தாள். பத்து நிமிஷம். நான் கந்தப் பெருமானின் அத்தனை பெயரையும் சொல்லி முடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

வளைவில் வேனின் விளக்குத் தெரிந்தது.

எங்கள் முன்னால் வந்து நின்றது. ராஜு கண்ணாடியை இறக்கினார்.

“ஏன் தம்பி லேட்டு?” என்று கிட்டே போய்க் கேட்டேன்.

“வர்ற வழியில ஒரு மெசேஜ் வந்துச்சுக்கா.” ஒரு மாதிரி முறைத்தார், ஆனால் உதட்டோரம் சிரிப்பு. “வண்டிய ஓரமா நிறுத்திட்டுப் பாத்தேன்.”

பத்து நிமிஷ தாமதத்துக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட பொம்பளை பினாங்கில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

“பாலா, பல்லா அங்கிள்?” என்று உள்ளே இருந்து செல்வி கேட்டாள்.

“நீ சும்மா இரு லா” என்றார் ராஜு. பிறகு போனை எடுத்து, ஏறிக்கொண்டிருந்த கவிதாவிடம் நீட்டினார். “இந்தாம்மா. இறங்குற வரைக்கும் உன்கிட்டயே இருக்கட்டும். நடந்ததெல்லாம் என் வீட்டுக்காரிகிட்ட சொன்னேன். அவ என்னையத்தான் ஏசுறா. இனிமே நான் உங்கள இறக்கி விடுற ஏழு மணிக்கு முன்னாடி மெசேஜே போட மாட்டாளாம்.”

போகும்போது எனக்குக் கை காட்ட வந்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். கை ஸ்டியரிங்கில்!

அன்று சாயங்காலம் கவிதா கழுத்தைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. “என்னம்மா? வண்டி இடிச்சிருச்சா?”

“இல்லம்மா. வேன்ல நல்லாத் தூங்கிட்டேன். தலை ஒரு பக்கமாத் தொங்கிருச்சு. பாலத்த எப்போ தாண்டுனோம்னே தெரியல... செல்விதான் எழுப்பி விட்டா.”

தைலத்தை எடுத்து வந்து அரை மணி நேரம் தேய்த்துவிட்டேன்... வலி போன பிறகும்!